உங்கட கப்பல் என்ன சொல்லுது?

போன வருசம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு எம்டன் செய்தம். ரெவெல் கொம்பனியின்ர 1/350 பிளாஸ்ரிக் கிட். 118 மீற்றர் நீளமான கப்பல் 34 சென்ரிமீற்றருக்குள்ள அடங்கி மேசையில வந்து இருந்தது. ஐஞ்சு மாதம், பின்னேரத்தில மட்டும் வேலை. அமிலத்தில அரிச்சு எடுத்த மெல்லிய பித்தளைத் தகட்டை, அதுக்கு இந்தப் பொழுதுபோக்கில 'எட்ச்' எண்டு பேர், ஊசி முனையால தொட்டுத் தொட்டு மேல்தளத்துக் கைபிடி வேலியாக ஒட்டினம். ஒருத்தன்ர பெருவிரலில இப்பவும் அந்தப் பசையின்ர வெள்ளைத் தழும்பு இருக்கு.

கடைசியாகக் கொடி. முன் பாய்மரத்து உச்சியில இருந்து பின்பக்கம் வரைக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம் எண்டு ஒரு மாலை. அதைவிட நடுவில ரெண்டு கயிறு, அதில நாலு நாலு கொடி. இணையத்தில இருந்து எடுத்து அச்சடிச்சது. எது எந்த எழுத்து எண்டு ஒருத்தரும் பாக்கேல்ல. நிறம் மாறி மாறி வந்தால் காணும் எண்டு அடுக்கினம். ஒரு கண்காட்சியில வைச்சம். வந்த சனம் எடுத்த படத்தில முக்கால்வாசி அந்தக் கொடி மாலைதான்.

அங்க எங்களில ஒருத்தியின்ர மாமா வந்தார். வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில கனகாலம் போனவர். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுத் திரும்பவும் போட்டுக் குனிஞ்சு பாத்தார்.

"பிள்ளையள், உதில என்ன எழுதியிருக்கிறியள்?"

"எழுதேல்ல மாமா. கொடி."

"கொடியைத்தான் கேக்கிறன். என்ன எழுதியிருக்கு?"

பிறகு அவரே வாசிச்சார். ஜி: எனக்குப் பைலட் வேணும். ஓ: ஆள் கடலுக்க விழுந்திட்டான். கியூ: கப்பலில எல்லாரும் சுகம், கரைக்கு வர அனுமதி தாங்கோ. ஜே: கப்பல் நெருப்புப் பிடிச்சிட்டுது, கிட்ட வராதேங்கோ. வாசிச்சு முடிய அவருக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு. "அதுவும் இது நான் படிச்ச இண்டைக்கான கோட். 1914 இல ஜேர்மன்காரன்ர கடற்படைக்கு வேற கொடி, வேற புத்தகம். நீங்கள் ஊமைக் கப்பல் செய்திருந்தாலும் பரவாயில்லை. இது விசர்க் கப்பல்."

அண்டைக்கு எங்களுக்குச் சரியான கோபம். இப்ப அவர் சொன்னதைவிடக் கடுமையாக நாங்கள் சொல்லப் போறம். இந்த மொடல் உலகத்தில, எங்களையும் சேர்த்து, பெரும்பாலானவர்கள் போர்க்கப்பலில் கட்டும் சிக்னல் கொடி பொய். நுணுக்கம் எண்டு பெருமைப்படுகிற எல்லாத்தையும் விட இந்தப் பொய்தான் பெரிது. ஒரு கப்பல் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணியில் உண்மையில் ஏற்றிய கொடியைக் கட்டுங்கோ. அது தெரியாவிட்டால் கயிற்றை வெறுமையாக விடுங்கோ. இடையில் ஒன்றும் இல்லை.

இதைச் சொன்னவுடன் வருகிற முதல் பதில் எங்களுக்குத் தெரியும். "சின்னச் சின்ன விசயத்துக்கு ஏன் இவ்வளவு சத்தம்?" நல்லது, சின்ன விசயத்தையே அளந்து பாப்பம். நுணுக்க வேலைக்காரர் தூக்கிப் பிடிக்கிற எட்ச் வேலியின் கம்பி 0.1 மில்லிமீற்றர் தடிப்பு எண்டு வையுங்கோ. 1/350 இல் அது மூன்றரை சென்ரிமீற்றர். 1/700 இல் ஏழு சென்ரிமீற்றர். மாலுமி கை வைக்கிற வேலியில ஏழு சென்ரிமீற்றர் தடிப்பில உருளையா? அது மாட்டுத் தொழுவத்துக்குப் போடுற மரம். கொடிக் கயிற்றுக்கு மனுசத் தலைமயிரைப் பாவித்தாலும், 0.07 மில்லிமீற்றர் எண்டால், 1/350 இல் அது ரெண்டரை சென்ரிமீற்றர் வடம். உண்மையான கொடிக் கயிறு உங்கட சுண்டுவிரலை விட மெல்லிசு. அதாவது மூன்று மாதம் கண்ணைக் கெடுத்து ஒட்டுகிற நுணுக்கம் அளவில் எப்பவும் பிழைதான். அதை மன்னிக்கலாம், ஏனெண்டால் பித்தளைக்கு ஒரு எல்லை இருக்கு. ஆனால் கொடியின் நிறத்துக்கும் வரிசைக்கும் அப்படி ஒரு எல்லையும் இல்லை. ஆள் உயரக் கொடி 1/350 இல் ஐந்து மில்லிமீற்றர். அதில் எந்த நிறம், எதுக்கு மேல் எது எண்டதை நூற்றுக்கு நூறு சரியாகச் செய்யலாம். கப்பலில் முழுதாகச் சரியாகச் செய்யக்கூடிய ஒரே பொருளைத்தான் பத்து நிமிசத்தில், நிறம் பாத்துக் கட்டிவிட்டுப் போறம்.

கொடி பேச்சு. வானொலி வரமுன்னம் கடலில் தூரத்துக் கப்பலோடு கதைக்க அதுதான் வழி. வானொலி வந்த பிறகும் போர்க் கப்பல்கள் அதை விடவில்லை, ஏனெண்டால் வானொலியை எதிரியும் கேட்பான். மேலிருந்து கீழே வாசிக்க வேணும். ஒரே கயிற்றில் ஒன்றாக ஏறுவது ஒரு செய்தி. ஏற்றுவது கவனிக்கச் சொல்வது. இறக்குவது நிறைவேற்றச் சொல்வது. அந்த ஏற்றம் இறக்கத்தில் ஒரு பிழை வந்தால் என்ன நடக்கும் எண்டதுக்கு டொகர் பாங்க் சண்டையை விட நல்ல உதாரணம் இல்லை.

1915 ஜனவரி 24, வட கடல். பிரித்தானிய அட்மிரல் பீட்டியின்ர கப்பல் லயன் அடிபட்டுப் பின்தங்குது. மின்சாரம் போச்சு, வானொலி இல்லை, விளக்கு இல்லை. கொடி ஏற்ற மிஞ்சினது ரெண்டு கயிறு. தப்பி ஓடுகிற ஜேர்மன் கப்பல்களை விடாமல் துரத்தச் சொல்ல வேணும். பீட்டி கேட்டது, 'எதிரியை இன்னும் நெருங்கித் தாக்கு' எண்ட நெல்சன் காலத்துச் சிக்னல். அது அப்ப சிக்னல் புத்தகத்திலேயே இல்லை, எடுத்துவிட்டார்கள். அதனால் 'எதிரியின் பின்பகுதியைத் தாக்கு' எண்டதை ஏற்றினார்கள். பக்கத்துக் கயிற்றில் முன்னமே 'வடகிழக்காகத் திரும்பு' எண்ட கொடி பறக்குது. ரெண்டும் ஒன்றாக இறங்கின. மற்றக் கப்பல்கள் ரெண்டையும் ஒரே வசனமாக வாசித்தன: வடகிழக்கில் நிற்கிற எதிரியின் பின்பகுதியைத் தாக்கு. வடகிழக்கில் நின்றது ஏற்கெனவே முடமான புளூக்கர். முழுப் படையும் திரும்பி அதைச் சுத்தி நின்று அடித்தது. மற்ற மூன்று பெரிய ஜேர்மன் கப்பல்களும் வீட்டுக்குப் போயின. புளூக்கரில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

இப்ப லயனை மொடலாகச் செய்து, வடிவுக்காக நாலு கயிறு நிறையக் கொடி கட்டுகிறவரை நினைச்சுப் பாருங்கோ. அந்த நாளின் கதையே ரெண்டு கயிறு மட்டும் மிஞ்சினது தான்.

இன்னொரு கப்பலுக்கு வருவம், இது பெருமையின் பிழை. நெல்சனின் விக்ரரி. 1805 இல் திரபல்கர் சண்டைக்கு முன்னம் ஏற்றின 'ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்வார் என இங்கிலாந்து எதிர்பார்க்கிறது' எண்ட செய்தியை எல்லாருக்கும் தெரியும். விக்ரரியைச் செய்கிறவர்கள் அதையும் கட்டாமல் விடுகிறதில்லை. அது பன்னிரண்டு தடவையாக, ஒன்றன் பின் ஒன்றாக ஏறினது, மொத்தம் 31 கொடி. எட்டுச் சொல்லுக்கு இலக்கம் இருந்தது. 'கடமை' எண்ட சொல்லுக்கு இலக்கம் இல்லாததால் அதை மட்டும் எழுத்துக் கூட்டி அனுப்பினார்கள். நெல்சன் முதலில் 'நம்புகிறது' எண்டுதான் சொன்னவர். அதையும் எழுத்துக் கூட்ட வேண்டி வரும், நேரம் போகும் எண்டு சிக்னல் அதிகாரி சொல்ல, 'எதிர்பார்க்கிறது' ஆக்கினார். வரலாற்றில் நிலைத்த ஒரு வசனத்தைக் கொடிப் பெட்டிதான் திருத்தி எழுதியிருக்கு. நாங்கள் இந்த இடத்தில் எப்பவும் கொஞ்சம் நிப்பம்.

அதுக்குப் பிறகு நடந்தது வேடிக்கை. 1803 இல் ஒரு சிறு பிரித்தானியக் கப்பல் சிக்னல் புத்தகத்தோடு பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டதால், இலக்கக் கொடிகளை எல்லாம் கடற்படை மாற்றிவிட்டது. பிற்காலத்தவர் அதை மறந்து, 1799 ஆம் ஆண்டுக் கொடிகளையே வைத்து நெல்சனின் செய்தியை விழா எடுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 1908 இல் கடற்படைத் தலைமையகத்தின் நூலகர் பெரின் பழைய புத்தகங்களைத் தோண்டி அதைக் கண்டுபிடித்தார். நெல்சனைக் கும்பிடுகிற கடற்படை, நெல்சனின்ர சொந்தக் கப்பலில், நெல்சனின்ர வசனத்தைப் பிழையான எழுத்தில் எழுதி வணங்கியிருக்கு. இதை வைத்து "அவையே பிழை விட்டால் நாங்கள் விடக்கூடாதோ" எண்டு கேக்கிறவர் இருக்கிறார். பெரின் செய்ததைப் பாருங்கோ எண்டதுதான் பதில். புத்தகத்தைத் திறந்தார்.

புத்தகம் திறக்காமல் கண்ணால் பாத்தே திருத்தக்கூடிய பிழைகளும் இருக்கு, அதுதான் எங்களுக்குக் கூடின எரிச்சல். முன்னணியத்தில் நீரைக் கிழிச்சு வெள்ளை நுரை போட்டு, கப்பல் முழு வேகத்தில் போகுது எண்டு காட்டுவார்கள். அதே முன்னணியத்துக் கம்பத்தில் 'ஜாக்' கொடி பறக்கும். பிரித்தானிய, அமெரிக்கக் கடற்படைகளில் அது கப்பல் நங்கூரம் போட்டோ கரையில் கட்டியோ நிக்கேக்கதான் ஏறும். அதே மாதிரித்தான் தேசக் கடற்படைக் கொடியும்: துறைமுகத்தில் பின்பக்கக் கம்பத்தில், கடலில் போகேக்கப் பாய்மரத்துக்கு மாறும். புகைக்கூட்டுப் புகை பின்னால போகும், கொடி முன்னால பறக்கும், அந்தக் கப்பலில் மட்டும் ரெண்டு காத்து. எங்கட எம்டனில இருந்த கொடி மாலையோ துறைமுகத்தில் கொண்டாட்ட நாளில் மட்டும் கட்டுவது. அந்த மாலையில் கொடிகள் எந்த வரிசையில் வரவேணும் எண்டதுக்கும் விதி இருக்கு, தற்செயலாக ஒரு செய்தியும் வந்துவிடக் கூடாது எண்டதுக்காக. சண்டைக்குப் போகிற சாம்பல் நிறக் கப்பலில் அதைக் கட்டுவது செத்த வீட்டில வாழைமரம் கட்டினது மாதிரி.

இன்னும் ஒன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரித்தானியக் கப்பலுக்கு இண்டைய சர்வதேச எழுத்துக் கொடிகளைக் கட்டாதேங்கோ. அவர்களின் கடற்படைக்குத் தனி எழுத்துக் கொடிகள் இருந்தன. யப்பானிய மிக்காசாவில் பறந்த இசட் கொடியைப் பாத்த மயக்கத்தில் கண்ட கப்பலுக்கெல்லாம் இசட் கட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல்: 1905 மே 27 சுஷிமாவில் அட்மிரல் ரோகோ அதை ஏற்றினபோது, பேரரசின் விதி இந்தச் சண்டையில் தங்கியிருக்கு எண்ட பொருளை முன்கூட்டியே அதுக்குக் குடுத்திருந்தார். இண்டைய சர்வதேசக் கோட்டில் அதே கொடி, 'எனக்கு இழுவைப் படகு வேணும்'. மீன்பிடிக்கிற இடத்தில் எண்டால், 'வலை போடுறன்'.

சரி, இவ்வளவும் பிழை பிடிக்கிற வேலை. எங்கட சண்டை அதுக்கு அங்கால.

"கொடி அலங்காரம் தானே, இது பொழுதுபோக்கு, இதுக்குள்ள ஏன் அரசியல்" எண்டு ஒருவர் எங்களிட்ட கேட்டார். கிட் கொம்பனிக்காரனுக்கே அது அலங்காரம் இல்லை எண்டு தெரியும். பிஸ்மார்க் கிட்டுகளை வாங்கிப் பாருங்கோ. கனக்கப் பெட்டிகளில் கொடியின் நடுவில் இருக்க வேண்டிய ஸ்வஸ்திகா இல்லை, அல்லது ரெண்டு துண்டாக வெட்டி வரும், ஒட்டுகிறவர் தானே சேர்க்க வேணும். ஜேர்மன் சட்டம் அந்தச் சின்னத்தைக் காட்டி விக்க விடாது. பீரங்கியை அச்சொட்டாகச் செய்ய விடுகிற சட்டம் கொடியில் தடுக்குது. 2018 இல் தென்கொரியாவின் ஜேஜு தீவில் சர்வதேசக் கடற்படை அணிவகுப்பு வைத்தபோது, உதயசூரியக் கொடியோடு வரவேண்டாம் எண்டு கொரியா கேட்க, யப்பான் கப்பலையே அனுப்பாமல் விட்டது. போர் முடிந்து எழுபது வருசத்துக்கு மேல். அந்தக் கொடியைத்தான் நாங்கள் 'நிறம் எடுப்பா இருக்கு' எண்டு யமாட்டோவின் பின்பக்கத்தில் ஒட்டுறம்.

இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாங்கள் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறதுதான் வெட்கம். எந்தக் கொடி ஏறினது, எது ஏறேல்ல, எது அரைக்கம்பத்தில் நின்றது எண்டதுக்காக விசாரணைக்குக் கூப்பிடுகிற நாட்டில் வளர்ந்த நாங்கள், மேசையில் ஒரு கப்பல் வந்தவுடன் கொடி வெறும் துணி எண்டு கதைக்கிறம். கடலில் நிற்கிற சாம்பல் நிறக் கப்பலைப் பாத்து அம்மாமார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடின கரைகளில் இருந்து வந்தவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கினம். அவையளுக்கு அந்தக் கப்பலின் கைபிடி வேலி எத்தனை கம்பி எண்டு தெரியாது. எந்தக் கொடி எண்டு தெரியும்.

அதால போர்க்கப்பல் மொடலே செய்யக்கூடாது எண்டு நாங்கள் சொல்லேல்ல. (வல்வெட்டித்துறையில் கட்டி, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் வரை பாய் விரிச்சுப் போன அன்னபூரணிக்கு எந்தக் கொம்பனியும் கிட் விடேல்ல. விட்டால் முதல் பெட்டி எங்களுக்கு.) செய்தால் கப்பலின் இரும்பை மட்டும் இல்லாமல் அதன் மணித்தியாலத்தையும் செய்யுங்கோ எண்டுதான் கேக்கிறம். மொடல்காரருக்குப் பிடிச்சது கட்டுத்துறையில் இருந்து அண்டைக்குத்தான் வெளிய வந்த கப்பல். துரு கொஞ்சம் பூசுவார்கள், அதுவும் அழகுக்கு. அந்தக் கப்பல் இன்னும் ஒருத்தரையும் சந்திக்கேல்ல, ஒருத்தரையும் சுடேல்ல. உண்மையான கொடி ஒன்றைத் தேடப் போனால் அந்த வசதி போயிடும். கொடிக்குத் திகதி இருக்கு. திகதி எண்டால் எதிரில் ஆட்கள் இருப்பார்கள்.

எங்கட எம்டனுக்கே வாறம். இந்தக் கப்பல் தமிழுக்கு அந்நியமில்லை. 1914 செப்ரெம்பர் 22 இரவு சென்னைக்கு முன்னால வந்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரிச்சுப் போட்டுப் போனது. அதுக்குப் பிறகு 'ஆள் ஒரு எம்டன்' எண்ட சொல் தமிழ்நாட்டிலும் இங்கயும் நிலைச்சிட்டுது, சிங்களத்திலும் இருக்கு. அந்த இரவைச் செய்யப் போறீங்களா? அப்ப சிக்னல் கொடியே வேண்டாம். இருட்டில கொடியை ஆர் வாசிக்கிறது? தேடுவிளக்கு எரிய வேணும்.

ஒக்ரோபர் 28 விடியப்புறம், பினாங்கு? அப்ப மூன்று புகைக்கூட்டுக் கப்பலுக்கு நாலாவது பொய்ப் புகைக்கூடு ஒன்று கட்ட வேணும். பிரித்தானிய யார்மத் எண்டு நினைக்கட்டும் எண்டு அப்படித்தான் துறைமுகத்துக்குள் போனது. கொடி இல்லை. சுடுகிற நேரம்தான் ஜேர்மன் கடற்படைக் கொடி ஏறினது. எதிரிக் கொடியில் ஏமாற்றலாம், ஆனால் சுடமுன்னம் சொந்தக் கொடியை ஏற்ற வேணும் எண்டது கடற்போரின் பழைய விதி. அந்த ஒரு நிமிச வித்தியாசத்துக்கு அங்கால ரஷ்யக் கப்பல் செம்சுக் தாண்டது, எண்பதுக்கும் மேற்பட்ட ரஷ்ய மாலுமிகள் செத்தார்கள். ஆகவே உங்கட பினாங்கு எம்டனில் கொடி இருக்கா இல்லையா எண்டது ஒரு பெரிய கேள்வி. கொடி இல்லாவிட்டால் அவர்கள் இன்னும் நித்திரையில் இருக்கினம்.

பிறகு நவம்பர் 9, கொக்கோஸ் தீவுகள். அவுஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து பிடிச்சது. எம்டனின் முன் புகைக்கூடு போச்சு, முன் பாய்மரம் போச்சு, மற்றப் புகைக்கூடுகளும் போச்சு. கப்ரன் முல்லர் கப்பலை வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் கொண்டுபோய் ஏற்றினார். சிட்னி, எம்டனோடு வந்த நிலக்கரிக் கப்பலைத் துரத்திப் போட்டுப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு திரும்பி வந்தது. எம்டனின் பின் பாய்மர உச்சியில் கொடி இன்னும் பறக்குது. சிட்னியின் கப்ரன் குளொசொப் சர்வதேசக் கோட்டில் கொடி ஏற்றிக் கேட்டார்: சரணடைகிறீங்களா? எம்டனில் இருந்து மோர்ஸ் முறையில் பதில் வந்தது: என்ன சிக்னல்? எங்களிட்டச் சிக்னல் புத்தகம் இல்லை. குளொசொப் மோர்ஸிலும் கேட்டார். பிறகு, என்ர சிக்னல் கிடைச்சதா எண்டும் கேட்டார். பதில் இல்லை. கொடி மேலயே நிக்குது. நாலரை மணிக்குத் திரும்பவும் சுட்டார். ஐந்து நிமிசம். அப்பதான் வெள்ளைக் கொடி காட்டி, ஒரு ஆளைப் பாய்மரத்தில் ஏறவிட்டுக் கொடியை இறக்கினார்கள். அண்டைக்கு எம்டனில் 130 க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தக் கடைசி ஐந்து நிமிசத்திலும் சிலர்.

குளொசொப்பே தன்ர அறிக்கையில், மனமில்லாமல்தான் சுட்டேன் எண்டு எழுதினார். வாசிக்க ஆளில்லாத கொடியும், இறக்க ஆளில்லாத கொடியும் ஐந்து நிமிசம் சுடவைத்தன. இதை அறிஞ்ச பிறகு எங்கட எம்டனில் 'பைலட் வேணும், எல்லாரும் சுகம்' எண்டு வானவில் மாலை தொங்கினதை நினைச்சால் முகம் சுடுது. எங்களில ஒருத்தர், "கப்பல் ஒருக்கால் செத்தது, நாங்கள் அதைக் கலியாணத்துக்கு வெளிக்கிடுத்தியிருக்கிறம்" எண்டார்.

பாருங்கோ, கொடி உண்மையில் பேசின அந்த மணியில் கப்பலில் கைபிடி வேலியே இல்லை. நாங்கள் ஐஞ்சு மாதம் ஒட்டினது ஒன்றும் மிஞ்சியிருக்காது. நுணுக்க வேலையும் உண்மையான கொடியும் பல கப்பல்களில் ஒன்றாக நிக்காது, இதுதான் இந்தப் பொழுதுபோக்குக்காரர் பாக்க விரும்பாத இடம்.

எங்கட கரைக்குக் கிட்ட இன்னொரு கப்பல் கிடக்கு. ஹேர்மிஸ். 1942 ஏப்ரல் 9 யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு வெளிய அதை மூழ்கடித்தன. 307 பேர் செத்தார்கள். திருகோணமலையில் இருந்து தாக்குதலுக்குத் தப்பத்தான் வெளிக்கிட்டது. அயோஷிமா அதை 1/700 இல் கிட்டாக விட்டிருக்கு. செய்கிறவர்களுக்குத் தளம் நிறைய விமானம் அடுக்க ஆசை வரும், விமானந்தாங்கிக் கப்பல் எண்டால் விமானம் வேணும்தானே. அண்டைக்கு ஹேர்மிஸில் ஒரு விமானமும் இல்லை. அதன் விமானங்கள் கரையில். வெறும் தளத்தோடு கடலில் நின்றது. ஏப்ரல் 9 எண்டு பலகையில் எழுதினால் தளத்தை வெறுமையாக விட வேணும். பாய்மரத்தில் வெள்ளைக் கடற்படைக் கொடி ஒன்று போதும், மிச்சக் கயிறுகள் சும்மா கிடக்கட்டும். பாக்கிறவருக்கு அரைகுறை வேலை மாதிரி இருக்கும். இருக்கட்டும். ஏன் வெறுமை எண்டு கேப்பார்கள், அப்ப சொல்லலாம். வானவில் மாலையைப் பாத்து ஒருத்தரும் எங்களிட்ட ஒண்டும் கேக்கேல்ல, மாமாவைத் தவிர.

"கொடி வாசிக்கத் தெரிஞ்சவர் எத்தனை பேர், ஆருக்குத் தெரியப்போகுது" எண்ட வாதம் எங்களுக்கு அறவே பிடிக்காது. தமிழ் தெரியாத ஊரில தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கண்டபடி எழுதி வைச்சால் எங்களுக்கு எப்படி இருக்கும்? பேருந்துப் பலகையிலும் அலுவலகச் சுவரிலும் கொலையாகிக் கிடக்கிற தமிழைப் படம் எடுத்துப் போட்டுத் திட்டுகிறவர்கள் நாங்கள்தான். அண்டைக்கு நாங்கள் மேசையில் வைச்சதும் அப்படி ஒரு பலகை.

செய்முறை கேக்கிறவர்களுக்குச் சுருக்கமாக. மெல்லிய ரிசுப் பேப்பரில் ரெண்டு பக்கமும் வரக்கூடியதாக அச்சடிச்சு, கயிற்றைச் சுத்தி மடிச்சு, தண்ணி கலந்த வெள்ளைப் பசையால ஒட்டுங்கோ. ஈரம் காயமுன்னம் குச்சியால மெல்ல அலை குடுங்கோ, எல்லாக் கொடிக்கும் ஒரே பக்கம். நிறம் கொஞ்சம் மங்கட்டும். கடலில் கொடி புகையிலும் உப்பிலும் அடிபடும். ஆனால் அதுக்கு முதல் ஒரு கடதாசியில் எழுதுங்கோ: எந்தக் கப்பல், எந்த நாள், எத்தனை மணி, ஆருக்கு, என்ன சொன்னது. எழுதேலாவிட்டால் பேப்பரை வெட்டாதேங்கோ.

எங்கட எம்டன் இப்ப மேசையில இல்லை, தரையில, பழைய பேப்பருக்கு மேல. மாலையை அறுத்தாச்சு. முன் பாய்மரத்தை முறிக்க ரெண்டு கிழமை ஒருத்தருக்கும் மனம் வரேல்ல, பிறகு அதை ஒட்டினவளே முறிச்சாள். பின் பாய்மர உச்சியில் கறுப்புச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடி, மூன்று தரம் அச்சடிச்சு மூன்றாம் தரம் சரி வந்தது. இப்ப சண்டை மணியில. ரெண்டு பேர் 4.29 வேணும் எண்டினம், கொடி மேல, பதில் இல்லை. மற்ற ரெண்டு பேர் 4.35 க்குக் கிட்ட, அந்த ஆள் பாய்மரத்தில ஏறிக்கொண்டிருக்க வேணும் எண்டினம். எட்ச் தகட்டில் ஐந்து மில்லிமீற்றர் ஆட்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தவை. ஒருத்தனை வெட்டி எடுத்து, கையை மேல தூக்கி வளைச்சு வைச்சிருக்கிறம். பெயின்ற் அடிச்சாச்சு. இன்னும் ஒட்டேல்ல, தீப்பெட்டிக்குள்ள கிடக்கிறான்.